போல்ட்டின் தலையெழுத்து: சஸ்பென்ஷன் வேலையில் எதைத் திரும்பப் போடலாம், எதை மாற்ற வேண்டும்

தைப்பூசக் காவடிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் மாமாவின் சிட்டி கோல்ஃப் காருக்கு முன்பக்க பால் ஜாயிண்ட் (சக்கரம் திரும்பவும் ஏறி இறங்கவும் விடும் உருண்டை மூட்டு) மாற்றிக்கொண்டிருந்தேன். பால் ஜாயிண்ட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் குறுக்கு போல்ட், துரு தின்று பாதி உடம்பாக வெளியே வந்தது. ஸ்பேர்ஸ் கடை மூடியிருந்தது, ஹார்டுவேர் கடை திறந்திருந்தது. அதே பருமனில் ஒரு ஸ்டெயின்லெஸ் போல்ட்டை வாங்கிவந்து போட்டேன். டர்பன் கடற்காற்றுக்கு ஸ்டெயின்லெஸ்தான் சரி என்று எனக்கு நானே சபாஷ் வேறு சொல்லிக்கொண்டேன்.

இரண்டே வாரம். ஹிகின்சன் ஹைவேயில் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் முன்பக்கம் ‘டொக்’ என்றது. கழற்றிப் பார்த்தால் போல்ட் வளைந்திருந்தது, நடுவில் மரை நசுங்கியிருந்தது. மாமா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“தலையில என்ன எழுதியிருக்குன்னு பாத்தியா?”

“இல்ல மாமா, புதுசுதானேன்னு...”

“புதுசா இருந்தா ஆச்சா? பழசோட தலையையும் கொஞ்சம் சுரண்டிப் பாரு.”

புதியதில் ஏ2-70 என்று இருந்தது. பழையதில் துருவுக்கு அடியில் 8.8. அன்றிலிருந்து நான் பழசா புதுசா என்று முதலில் கேட்பதில்லை. சரியானதா என்றுதான் கேட்கிறேன். நல்ல நிலையில் உள்ள பழைய ஒரிஜினல் போல்ட், தப்பான புது போல்ட்டைவிட எவ்வளவோ மேல். ஆனால் சில உருப்படிகள் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் ஒருமுறை கழற்றியதும் குப்பைக்குத்தான். எது எந்த ரகம் என்று பிரிப்பதுதான் இந்த வேலையில் பாதி.

தலையில் உள்ள எண்கள்

8.8, 10.9, 12.9 என்று மெட்ரிக் போல்ட்டின் தலையில் புடைத்திருக்கும். முதல் எண்ணை 100ஆல் பெருக்கினால் அந்த இரும்பு அறுபடும் அழுத்தம் மெகாபாஸ்கலில் கிடைக்கும். புள்ளிக்குப் பின்னால் உள்ளது, அதில் பத்தில் எத்தனை பங்கில் போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பது. ஆகவே 8.8 என்றால் 800இல் அறுபடும், 640இல் நீளும். 10.9 என்றால் 1000, 900. நான் போட்ட ஏ2-70 சுமார் 450இலேயே நீளத் தொடங்கிவிடும். துருப் பிடிக்காது, உண்மைதான். பளபளப்பாக இருந்தபடியே வளையும்.

நட்டுக்கும் எண் உண்டு. 10.9 போல்ட்டுக்கு 10 என்று குறித்த நட் வேண்டும். 8 போட்டால் நட்டின் மரை உருவிக்கொள்ளும். அது உடனே கண்ணுக்குத் தெரியாது, அதுதான் வம்பு.

இன்னொன்றும் புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். சஸ்பென்ஷனில் பெரும்பாலான போல்ட்கள் ஆணி மாதிரி குறுக்கே நின்று பாரத்தைத் தாங்குவதில்லை. அவை இழுபட்ட ஸ்பிரிங் மாதிரி. இறுக்கும்போது போல்ட் மிக லேசாக நீள்கிறது, திரும்பச் சுருங்கப் பார்க்கிறது, அந்த இழுவையில் இரண்டு இரும்புத் துண்டுகளும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. அசையவிடாமல் பிடிப்பது அந்த உராய்வுதான். எம்12 அளவில் ஒரு 10.9 போல்ட்டை முறையாக இறுக்கினால் 5 டன்னுக்கு மேல் அழுத்திப் பிடிக்கும். அந்த இழுவை குறைந்தால் துண்டுகள் நகரும், போல்ட் குறுக்கே அடி வாங்கும், வளையும், ஒருநாள் அறும். ‘டொக்’ என்ற சத்தம் அதன் முதல் தந்தி.

காரைத் தூக்கும் முன்பே

உங்கள் மாடலுக்கான பழுதுபார்ப்புக் கையேட்டை எடுத்து, நீங்கள் தொடப்போகும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் டார்க் எவ்வளவு, மாற்றச் சொல்கிறார்களா என்று ஒரு தாளில் எழுதுங்கள். டார்க் என்பது இறுக்கும் முறுக்குவிசையின் அளவு, நியூட்டன் மீட்டரில் வரும். பழைய புத்தகங்களில் பவுண்டு-அடி இருக்கும். ஒரு பவுண்டு-அடி 1.36 நியூட்டன் மீட்டர். இதைக் கவனிக்காமல் 100ஐ 100 என்றே எடுத்து இறுக்கியவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள்.

“50 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி திருப்பவும்” என்கிற மாதிரி எழுதியிருந்தால் அந்த போல்ட்டை அப்போதே புதிதாக ஆர்டர் செய்யுங்கள். பாகக் கடையில் மூன்று நாள் ஆகலாம், காரை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுக் காத்திருக்க முடியாது. நைலான் நட்கள், ஸ்பிளிட் பின்கள், டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) நட், துருப் பிடித்திருக்கும் என்று சந்தேகப்படும் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே சட்டத்தோடு இணைக்கும் கை) போல்ட்கள் எல்லாமே பட்டியலில் சேரட்டும். ஷாக் அப்சார்பரோ பால் ஜாயிண்ட்டோ வாங்கினால் பெட்டியைக் கடையிலேயே பிரித்துப் பாருங்கள். சிலர் நட் வைத்துத் தருவார்கள், சிலர் தரமாட்டார்கள்.

சிட்டி கோல்ஃப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் ஒரிஜினல் பால் ஜாயிண்ட் லோயர் ஆர்மோடு ரிவெட் அடித்து வந்தது. ரிவெட்டின் தலையை டிரில் போட்டு எடுக்க வேண்டும். புது பால் ஜாயிண்ட்டுடன் போல்டும் நட்டும் வரும், அவற்றையே போடுங்கள். டப்பாவில் கிடக்கும் எதையாவது எடுத்துச் செருக வேண்டாம்.

இரண்டு நாள் முன்னதாகவே எல்லா மரைக்கும் எண்ணெய் அடியுங்கள். இந்த ஊரில் எந்த கராஜ் அலமாரியிலும் கியூ20 டப்பா இருக்கும். கம்பி பிரஷ்ஷால் வெளியே நீட்டியிருக்கும் மரையைத் தேய்த்துவிட்டு, காலையும் மாலையும் அடியுங்கள். ஜோபர்கிலிருந்து வந்த காருக்கு இதெல்லாம் தேவைப்படாது. கடலோரத்தில் பிளஃபிலோ மெர்பேங்கிலோ பத்து வருடம் நின்ற காருக்கு இது போதாமலும் போகலாம். இங்கே போல்ட்டின் வயதை கிலோமீட்டரில் கணக்கிடக் கூடாது, கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் கார் தூங்குகிறது என்பதில் கணக்கிட வேண்டும்.

கழற்றுவது

சமதரையில் நிறுத்தி, தரையிலேயே இருக்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, தூக்கியபின் இரண்டு ஸ்டாண்டில் உட்காரவையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். இதில் பேச்சே இல்லை.

கை வைக்கும் முன் போட்டோ எடுங்கள். போல்ட் எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே போகிறது என்பது முக்கியம். தலைகீழாகப் போட்டால் சில கார்களில் அதன் வால் டிரைவ் ஷாஃப்ட்டில் உரசும். கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வை, சரிசெய்யும் கோண போல்ட் இருந்தால், அதன் வட்டத் தலைக்கும் பிராக்கெட்டுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறிவிடுங்கள். சிட்டி கோல்ஃபில் ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) நக்கிளோடு (சக்கரம் மாட்டும் தாங்கி) சேர்க்கும் இரண்டு போல்ட்டில் மேலே இருப்பது அப்படிப்பட்டது. பெயிண்ட் வேண்டாம், எண்ணெய் பட்டால் அழிந்துவிடும்.

விடாப்பிடியான போல்ட்டை முதலில் ஒரு மயிரிழை இறுக்கிப் பாருங்கள். துரு உடையும் சத்தம் கேட்டபின் தளர்த்துங்கள். கால் சுற்று தளர்த்தினால் அரைக்கால் சுற்று இறுக்கி, மறுபடி எண்ணெய், மறுபடி கால் சுற்று. சட்டத்துக்குள்ளே வெல்டு செய்த நட்டில் போகும் போல்ட் என்றால் இந்தப் பொறுமை இரட்டிப்பாக வேண்டும். போல்ட்டைக் கடையில் வாங்கலாம். சட்டத்துக்குள் இருக்கும் நட்டை வாங்க முடியாது, வெல்டு விட்டு அது சுற்ற ஆரம்பித்தால் தகட்டை வெட்டித்தான் பார்க்க வேண்டும். எனவே போல்ட் உயிரை விட்டாலும் பரவாயில்லை, நட்டைக் காப்பாற்றுங்கள்.

சூடு காட்டுவதானால் நட்டுக்குக் காட்டுங்கள், போல்ட்டுக்கு அல்ல. பக்கத்தில் மூட்டின் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ், பிரேக் குழாய், வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பர் எதுவும் இருக்கக் கூடாது. சிவக்கச் சூடேறிய போல்ட், நட் இரண்டையும் திரும்பப் போடவே கூடாது. அவற்றின் வலிமை தொழிற்சாலையில் சூடாக்கிக் குளிரவைத்துக் கொடுத்தது. நீங்கள் கேஸ் டார்ச் காட்டியதும் அது போய்விடும். தலையில் 10.9 என்று இருக்கும், உள்ளே வெறும் இரும்புதான் மிஞ்சும்.

டர்பனில் அடிக்கடி வரும் தலைவலி வேறு. லோயர் ஆர்மின் போல்ட், புஷ்ஷின் உள்குழாயோடு துருப் பிடித்து ஒன்றாகிவிடும். நட் கழன்றிருக்கும், போல்ட்டின் தலை சுற்றும், ஆனால் வெளியே வராது. கூர்ந்து பார்த்தால் ரப்பரும் கூடவே முறுக்கிக்கொள்வது தெரியும். அதற்குமேல் சுத்தியலால் அடித்து நேரத்தை வீணாக்காதீர்கள். புது லோயர் ஆர்மும் புது போல்ட்டும் கைவசம் இருந்தால், பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே உள்ள சந்தில் ரெசிப்ரோ வாளை (முன்னும் பின்னும் ஓடும் மின் வாள்) விட்டு இரண்டு பக்கமும் அறுத்து எடுத்துவிடுங்கள். கைவசம் இல்லையென்றால் அன்றைக்கு அந்த போல்ட்டைத் தொடவே தொடாதீர்கள்.

ஸ்ட்ரட்டின் உச்சியில் உள்ள நட்டைக் கழற்றும் முன் ஸ்பிரிங் அமுக்கியை மாட்டி, ஸ்பிரிங் தளர்ந்து தன் இருக்கையில் தானே ஆடும் நிலைக்கு வந்ததா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். அமுக்காத ஸ்பிரிங்கின் நட்டைக் கழற்றுவது கையோடு போகிற சமாச்சாரம். தண்டு சுற்றினால் அதன் உச்சியில் ஆலன் கீ செருகிப் பிடியுங்கள். இடுக்கியால் தண்டைக் கடிக்கவே கூடாது, அந்தக் கீறல் பிறகு எண்ணெய் சீலைக் கிழிக்கும்.

யோசிக்காமல் குப்பைக்குப் போக வேண்டியவை

ஸ்பிளிட் பின். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட்டின் முனையில் கோட்டைச் சுவர் மாதிரி வெட்டுள்ள நட்டைப் பூட்டி நிற்பது அது. வளைத்து நிமிர்த்திய கம்பி இரண்டாவது வளைப்பில் உடையும். விலையும் சில்லறைக் காசு.

நைலான் வளையம் வைத்த நட். விரலாலேயே நைலானைத் தாண்டிச் சுற்ற முடிந்தால் அது செத்துவிட்டது. முடியவில்லை என்றாலும் நான் புதிது போடுவேன். சில கம்பெனிகள் திரும்பப் போட அனுமதிப்பதுண்டு. நான் அந்த அனுமதியைப் பயன்படுத்தியதில்லை. வாயை நசுக்கி இறுக்கமாக்கிய முழு இரும்பு நட்டும் அப்படியே.

விளிம்பை அடித்துப் பூட்டும் டிரைவ் ஷாஃப்ட் நட். அடித்த இடம் பழைய பள்ளத்திலேயே மறுபடி விழும் என்று எந்த உறுதியும் இல்லை.

டிகிரி சொல்லி இறுக்கும் போல்ட்கள். இவற்றை நீளத் தொடங்கும் எல்லைவரையோ அதையும் தாண்டியோ இழுத்துவிடுவதுண்டு. 1.5 மில்லிமீட்டர் இடைவெளி மரையில் 90 டிகிரி என்பது 0.375 மில்லிமீட்டர் முன்னேற்றம். போல்ட் அதில் ஒரு பங்கை நீண்டு வாங்கிக்கொள்கிறது. இரண்டாம் முறை அதே இழுவைக்கு இடம் இருக்காது. டிகிரி என்று எழுதியிருந்தாலே எல்லாம் ஒருமுறைதான் என்று சட்டமில்லை, கையேடு சொல்வதே முடிவு. கையேடு சொல்லாவிட்டால் மாற்றிவிடுங்கள். ஃபோக்ஸ்வாகன் போன்ற ஜெர்மன் கார்களில் இந்த வகை அதிகம் வரும், போலோ வீவோ வைத்திருப்பவர்கள் பட்டியலைக் கவனமாகப் பாருங்கள்.

மரையில் காய்ந்த பசை பூசி வரும் போல்ட்களும் உண்டு, பிரேக் காலிப்பர் பக்கம் அதிகம் பார்க்கலாம். கழற்றும்போதே பசையின் வேலை முடிந்துவிடும். புதிதாக வாங்குவது நல்லது. கையேடு இடம் கொடுத்தால், பழையதைச் சுத்தமாகத் துடைத்து நீல நிற மரைப் பசை போடலாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: நீண்டுபோன போல்ட்டை எந்தப் பசையும் காப்பாற்றாது.

மீதமுள்ளவற்றைச் சோதிப்பது

இப்போது தட்டில் மிஞ்சியிருப்பவை: விளிம்பு வைத்த சாதாரண போல்ட்கள், வெல்டு நட்டில் போனவை, ஸ்ட்ரட்டை நக்கிளில் பிடித்தவை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடையுங்கள். கிரைண்டரில் கம்பிச் சக்கரம் மாட்டித் தேய்க்காதீர்கள். போல்ட்டின் சாம்பல் நிறப் பூச்சு துருவைத் தடுப்பதோடு உராய்வையும் ஒரே அளவில் வைத்திருக்கிறது. அதை உரித்துவிட்டால் கையேட்டின் டார்க் எண் உங்கள் போல்ட்டுக்குப் பொருந்தாது. துரு போக்கும் ஆசிட்டில் போடுவதும் வேண்டாம். 10.9க்கும் அதற்கு மேலும் உள்ள கடின எஃகுக்குள் ஆசிட்டிலிருந்து ஹைட்ரஜன் புகுந்து மொறுமொறுப்பாக்கிவிடும். மாட்டிய சில மணி நேரத்திலோ சில நாளிலோ எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தலை தெறிக்கும்.

பிறகு, ஒரு நல்ல சாதாரண நட்டை மரையின் முழு நீளத்துக்கும் விரலால் ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவில் எங்காவது முரண்டு பிடித்தால் அந்த இடத்தில் மரை நீண்டிருக்கிறது அல்லது அடிபட்டிருக்கிறது. முரண்டு பிடிப்பது அழுக்கினால் என்றால் இன்னொரு முறை சுத்தம் செய்ததும் போய்விடும். கண்ணாடி மேல் வைத்து உருட்டினால் வளைவு தெரியும். மரையில்லாத வழுவழுப்பான உடம்பை வெர்னியரால் இரண்டு மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். ஒரு இடத்தில் இடுப்பு சிறுத்திருந்தால் தூக்கிப் போடுங்கள். உடம்பில் குறுக்கே பளபளப்பான வளையத் தேய்மானம் தெரிந்தால், அந்த மூட்டு ஏற்கெனவே தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். அப்போது போல்ட் மட்டுமல்ல, அது உட்கார்ந்திருந்த ஓட்டையும் நீள்வட்டமாகிவிட்டதா என்று பாருங்கள்.

துருவைப் பொறுத்தவரை என் கணக்கு எளிது. மேலே பொடி மாதிரி நிறம் மட்டும் என்றால் துடைத்துவிட்டுப் போடலாம். நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டுப்பட்டால் மாற்ற வேண்டும். அறுபடும் விரிசல் தொடங்குவதற்குப் பள்ளத்தைவிட வசதியான இடம் கிடையாது.

வாங்கும்போது

பாக எண்ணைச் சொல்லி வாங்குவதுதான் நேர்வழி. கம்பெனி போல்ட் விலை அதிகம் என்று அலுத்துக்கொள்ளும்போது வீல் அலைன்மென்ட்டுக்கு என்ன கொடுக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

போல்ட் மட்டுமே விற்கும் கடைக்குப் போவதானால் பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். பருமன், நீளம், தலையிலுள்ள எண், விளிம்பு எல்லாம் ஒத்துப் போக வேண்டும். மரையின் இடைவெளியில்தான் ஏமாறுவோம். ஜப்பான் கார்களில் எம்12 போல்ட்டுக்கு 1.25 அதிகம், ஐரோப்பியக் கார்களில் 1.5 அதிகம், ஹார்டுவேர் கடையில் பெரும்பாலும் 1.75. ஒன்றில் இன்னொன்று ஓரிரு சுற்று ஏறும், பிறகு பிடித்துக்கொள்ளும். ‘கொஞ்சம் டைட்டாக இருக்கிறது’ என்று ஸ்பேனர் போட்டால் கதை முடிந்தது.

மரையில்லாத உடம்பின் நீளமும் அதேபோல் ஒத்துப் போக வேண்டும். நான் செய்த இரண்டாவது தப்பு அதுதான். என் ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் தலைவரைக்கும் மரை. பால் ஜாயிண்ட் தண்டில் உள்ள பள்ளத்தில் வழுவழுப்பான முழு உடம்பு உட்கார வேண்டிய இடத்தில் மரையின் கூர் முனைகள் உட்கார்ந்தன. அவை நசுங்க நசுங்க இடம் விட்டது, ஆட்டம் தொடங்கியது.

ஸ்கிராப்யார்டில் கழற்றிய போல்ட்டை வாங்கலாமா என்று கேட்பார்கள். கதவுக்கு வாங்கலாம். சஸ்பென்ஷனுக்கு வேண்டாம், அது எந்த விபத்தில் இழுபட்டது என்று அதன் தலையில் எழுதியிருக்காது.

மாட்டுவது

எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் ஏற்றுங்கள். மூன்று சுற்றாவது விரலால் போக வேண்டும். வெல்டு நட்டின் மரை அழுக்காக இருந்தால் அதே இடைவெளி உள்ள மரை சுத்தம் செய்யும் கருவியை ஓட்டுங்கள். மரை வெட்டும் டேப்பை ஓட்டினால் அது உலோகத்தையும் சேர்த்து வெட்டிவிடும்.

மரையில் கிரீஸ் போடலாமா? கையேடு சொன்னால் ஒழிய வேண்டாம். நீங்கள் கொடுக்கும் டார்க்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. மீதியைத் தலைக்கு அடியிலும் மரையிலும் உள்ள உராய்வு தின்றுவிடுகிறது. கிரீஸ் தடவினால் உராய்வு குறையும், அதே எண்ணில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். புஷ்ஷின் உள்குழாய்க்குள் போகும் வழுவழுப்பான உடம்பில் மட்டும் நான் துருப் பிடித்து ஒட்டாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையை மெல்லிசாகத் தடவுவேன். மரைக்கும் தலைக்கு அடிக்கும் அது வரக் கூடாது. அடுத்தமுறை வாள் எடுக்க வேண்டியிருக்காது.

பழைய ஆட்கள் எதற்கும் ஒரு ஸ்பிரிங் வாஷர் சேர்ப்பார்கள். கம்பெனி போடாத இடத்தில் சேர்க்காதீர்கள். விளிம்பு போல்ட்டுக்குக் கீழே அது வந்தால் பிடிமானம் குறையுமே தவிர அதிகமாகாது.

ரப்பர் புஷ்ஷின் போல்ட்களைக் கார் தொங்கும்போது முழுவதும் இறுக்கக் கூடாது. ரப்பர் உள்குழாயோடு ஒட்டியது. தொங்கிய நிலையில் பூட்டினால், காரை இறக்கியதும் எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதத்தில் கிழியும். கையிறுக்கமாக விட்டு, லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து கார் தரையில் நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவந்து, அப்போது டார்க் ரெஞ்சைப் போடுங்கள்.

கோட்டை நட்டைச் சொன்ன டார்க்குக்கு இறுக்கிய பிறகு ஸ்பிளிட் பின்னுக்கான ஓட்டை நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள். தளர்த்தி நேராக்கக் கூடாது.

கடைசி இறுக்கத்துக்கு இம்பாக்ட் கன் வேண்டாம். டார்க் ரெஞ்ச் ‘க்ளிக்’ என்றதும் நிறுத்துங்கள், உறுதிக்கு இன்னொன்று என்று இழுக்காதீர்கள். டிகிரி இறுக்கத்துக்கு சாக்கெட்டில் வெள்ளைக் கோடு போட்டு, கால் வட்டம் திருப்பினால் 90 டிகிரி. வேலை முடிந்ததும் ரெஞ்சைக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வையுங்கள்.

இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் பிராக்கெட்டுக்கு பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுங்கள். வெளியே தெரியும் மரைக்கு மெழுகுத் திரவம் அடித்துவிடுங்கள், கடற்காற்றுக்கு அதுதான் மருந்து.

அதன்பின்

வீல் நட்களை 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். ஸ்ட்ரட்டையோ டை ராடையோ தொட்டிருந்தால் அலைன்மென்ட்டுக்குப் போங்கள், நீங்கள் கீறிய கோடு கடைவரை ஓட்டிப்போகத்தான்.

ஒரு வாரம் கழித்து சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்து பெயிண்ட் கோடுகளைப் பாருங்கள். கோடு உடையாமல் நேராக நின்றால் சரி. உடைந்திருந்தால் மேலே ஒரு சுற்று இறுக்கிவிட்டுப் போகாதீர்கள். கழற்றி, அந்த போல்ட், அதன் நட், அது உட்கார்ந்த இடம் மூன்றையும் திரும்பச் சோதித்து, புது போல்டும் புது நட்டும் போட்டு, புதுக் கோடு இழுங்கள்.